கார்டு வாங்கும் முன் பெட்டியைத் திறங்கள்: பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு போடுவது எப்படி

ஐடி கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துப்போடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலீட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அடுக்கடுக்காக நிற்கும். உழைப்புக்கு அஞ்சாத மெஷின்கள், விலையும் குறைவு. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு எஸ்எஸ்டி போட்டால் பள்ளிப் பிள்ளைக்கும் ஆபீஸ் வேலைக்கும் தாராளமாகப் போதும். சிக்கல் எப்போது வருகிறது என்றால், பையன் ஒரு கேமைச் சொல்லி "இது ஓடுமாப்பா?" என்று கேட்கும்போதுதான். அல்லது நீங்களே வீடியோ எடிட்டிங் பழக ஆரம்பித்து, டைம்லைனை இழுத்தால் படம் ஒவ்வொரு ஃப்ரேமாகத் திக்கித் திக்கி வரும்போது.

நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பெட்டி ஆறாம் தலைமுறை ஐ5, ஒல்லியான வகை. யாரோ சொன்னார்கள் என்று நேராகப் போய் ஒரு செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வாங்கிவந்து, மூடியைக் கழற்றி உள்ளே வைத்துப் பார்த்தால் கார்டின் உயரம் பெட்டியின் உயரத்தைத் தாண்டி நிற்கிறது. மூடி மூடவே மூடாது. மறுநாள் திரும்பக் கொண்டுபோனபோது கடைக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார்: "சார், சிபியுவைக் கொண்டாந்திருந்தா இங்கயே போட்டுப் பாத்திருக்கலாம்ல?" நியாயமான கேள்வி. அதனால் இந்தக் கட்டுரையில் கார்டு பேச்சு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். முதலில் பெட்டி.

உண்மையிலேயே கார்டு வேண்டுமா?

இரண்டு மானிட்டர் வைக்க மட்டும்தான் என்றால் வேண்டாம். ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் ப்ராசஸரில் இருக்கும் எச்டி 530, 630 கிராபிக்ஸே மூன்று திரை வரை தாங்கும். பின்பக்கம் டிஸ்ப்ளேபோர்ட் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், ஒரு கன்வர்ட்டர் கேபிளோடு வேலை முடிந்துவிடலாம். யூடியூப் திக்குகிறது, பிரவுசர் மெதுவாக இருக்கிறது என்பதெல்லாம் பெரும்பாலும் ரேம், எஸ்எஸ்டி பிரச்சினை. இன்னொன்று, இந்தப் பெட்டிகளை 8 ஜிபி ஒற்றை ரேமோடு விற்பார்கள். உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, அதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். இன்னொரு 8 ஜிபி போட்டு இரட்டைச் சேனல் ஆக்கினால், அதாவது இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் வேலை செய்தால், சின்னக் கேம்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கார்டை விட இது சின்னச் செலவு, முதலில் இதைச் செய்து பாருங்கள். போதவில்லை என்றால் மேலே படியுங்கள். எப்படியும் கார்டு போட்டாலும் 16 ஜிபி தேவைப்படத்தான் போகிறது, அதனால் அந்தப் பணம் வீண் இல்லை.

பெட்டி எந்த வகை?

இந்த ஆபீஸ் மெஷின்கள் ஒரே மாடல் எண்ணில் மூன்று உடம்பில் வரும். ஆப்டிபிளெக்ஸ் 7050 என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த 7050 என்று கேட்க வேண்டும்.

டவர்: நிற்க வைக்கும் பெரிய பெட்டி. சாதாரண உயரக் கார்டு போகும். அதிர்ஷ்டசாலி நீங்கள்.

எஸ்எஃப்எஃப்: மேஜையில் படுக்க வைத்து மேலே மானிட்டரை ஏற்றுவார்களே, அந்த ஒல்லிப் பெட்டி. சந்தையில் அதிகம் கிடைப்பது இதுதான். இதற்கு லோ புரொஃபைல் எனப்படும் குட்டைக் கார்டு மட்டுமே போகும். சாதாரணக் கார்டின் பிராக்கெட், அதாவது முனையில் இருக்கும் உலோகத் தகடு, ஏறத்தாழ 12 செ.மீ. நீளம், குட்டைக் கார்டுக்கு 8 செ.மீ.

மைக்ரோ, மினி, டைனி: சாப்பாட்டு டப்பா அளவு. கிராபிக்ஸ் கார்டு போட இதில் வழக்கமான ஸ்லாட் கிடையாது. விதிவிலக்காக ஒன்றிரண்டு மாடல் உண்டு, ஆனால் புதிதாக ஆரம்பிப்பவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மூடியைத் திறந்து பார்க்க வேண்டியவை

கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, பவர் கேபிளைப் பின்னாலிருந்து உருவிவிட்டு, பவர் பட்டனை ஒரு பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். ஆபீஸ் பெட்டிகளில் ஒரு நல்ல விஷயம், திருப்புளியே பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு லாட்சை இழுத்தால் மூடி கையோடு வந்துவிடும், டிவிடி டிரைவ் கூண்டையும் அப்படியே தூக்கி ஒதுக்கலாம்.

நீளமான ஸ்லாட், ஏறத்தாழ 9 செ.மீ. இருக்கும், அதுதான் எக்ஸ்16, கிராபிக்ஸ் கார்டு உட்காரும் இடம். சில போர்டுகளில் நீளமான ஸ்லாட் இரண்டு இருக்கும், ஒன்று உண்மையான எக்ஸ்16, இன்னொன்று உருவத்தில் மட்டும் நீளம், உள்ளே எக்ஸ்4, அதாவது கால்பங்கு இணைப்புதான். ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் போர்டிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், மொபைல் டார்ச் அடித்துப் படியுங்கள்.

அடுத்து, அந்த ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். குட்டைக் கார்டுகளிலும் தடிமன் இரண்டு உண்டு. ஒற்றை ஸ்லாட் தடிமன், இரட்டை ஸ்லாட் தடிமன். சில எஸ்எஃப்எஃப் பெட்டிகளில் எக்ஸ்16 ஸ்லாட் எஸ்எம்பிஎஸ்ஸின் (மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை) தகரத்தை ஒட்டியே இருக்கும், அங்கே இரட்டைத் தடிமன் கார்டு உட்காராது. உட்கார்ந்தாலும் விசிறி தகரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு மூச்சுக்குத் திணறும். ஒரு ஸ்கேலை வைத்து, ஸ்லாட்டின் நடுவிலிருந்து பக்கத்துத் தடுப்பு வரை எத்தனை மி.மீ., ஸ்லாட்டின் பின்முனையிலிருந்து முன்பக்க ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை எவ்வளவு நீளம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மொபைலில் இரண்டு போட்டோவும் எடுங்கள், கடையில் காட்டிக் கேட்க உதவும்.

கடைசியாக எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். அதில் மொத்த வாட் எழுதியிருக்கும். ஆப்டிபிளெக்ஸ் 7050 எஸ்எஃப்எஃப்பில் 180 வாட், அதே 7050 டவரில் 240, இன்னும் பழைய 9020 எஸ்எஃப்எஃப்பில் 255. ஆமாம், பழையதில் அதிகம். புது மாடல் என்றால் சக்தி கூட இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

வாட் கணக்கு

பயப்பட வேண்டாம், மளிகைக் கடைக் கணக்குதான். ஐ5-6500, ஐ5-7500 போன்ற ப்ராசஸர்களுக்கு 65 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறி எல்லாவற்றுக்கும் தாராளமாக 30 போட்டுக்கொள்ளுங்கள். ஆயிற்று 95. 180 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 50 வாட் கார்டு போட்டால் மொத்தம் 145, நிம்மதியாக ஓடும். 75 வாட் கார்டு போட்டால் 170. ஓடும் என்று சொல்பவர்கள் உண்டு, ஓட்டுகிறவர்களும் உண்டு, ஆனால் பல வருடம் யாரோ ஆபீஸில் உழைத்த எஸ்எம்பிஎஸ்ஸை அப்படி விளிம்பில் நிறுத்த எனக்கு மனசு வராது. 240 அல்லது அதற்கு மேல் இருந்தால் 75 வாட் கார்டு சரி.

ஏன் 75 என்ற எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், எக்ஸ்16 ஸ்லாட் வழியாக ஒரு கார்டு இழுக்கக்கூடிய உச்சம் அதுதான். அதற்கு மேல் வேண்டுமானால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 6 பின் அல்லது 8 பின் வயர் தனியாக வர வேண்டும், நம் பெட்டிகளில் அநேகமாக அது கிடையாது. சில எஸ்எஃப்எஃப் மாடல்களில் ஸ்லாட்டுக்கே 75-க்கும் குறைவான வரம்பைக் கம்பெனி வைத்திருக்கும். உங்கள் மாடலின் கையேடு கம்பெனி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், இறக்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைகளில் "சாட்டா டு 6 பின்" என்று ஒரு கன்வர்ட்டர் வயர் சல்லிசாகக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா பவர் பிளக் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட், 6 பின் கேட்கக்கூடியது 75. இடையில் இருக்கும் பிளாஸ்டிக் உருகும், சில நேரம் கருகும்.

எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடலாமே என்று தோன்றும். டெல், எச்பி, லெனோவோ மூன்றுமே இந்த மெஷின்களில் வழக்கமான 24 பின் பிளக்கைக் கைவிட்டு ஆளுக்கொரு தினுசு பிளக் வைத்திருக்கிறார்கள். கன்வர்ட்டர் கேபிள் கிடைக்கிறது, டவரில் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தும் மாடல்களும் உண்டு. எஸ்எஃப்எஃப்பில் இடமே இருக்காது. அவ்வளவு தூரம் போவதற்குப் பதில் அந்தப் பணத்துக்கு வேறு பெட்டி பார்க்கலாம் என்பது என் கருத்து.

சரி, எந்தக் கார்டு?

ஒற்றைத் தடிமன், குட்டை, 50 வாட்டுக்குள் என்ற மூன்று நிபந்தனையும் உங்களுக்கு இருந்தால் தேட வேண்டியது என்விடியா டி1000. பெயரைப் பார்த்து ஆபீஸ் டிசைன் கார்டு, கேமுக்கு ஆகாது என்று ஒதுக்க வேண்டாம், ஜிடிஎக்ஸ் 1650-க்குள் இருக்கும் அதே குடும்பத்துச் சிப்தான், 896 கோர், 50 வாட், 4 ஜிபி மற்றும் 8 ஜிபியில் வருகிறது. இதன் தம்பி டி600 40 வாட்டில் ஓடும். இவற்றில் எச்டிஎம்ஐ இருக்காது, மினி டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே, அதற்கான கன்வர்ட்டரையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் ராத்திரி எட்டு மணிக்கு கார்டைப் போட்டுவிட்டு மானிட்டரோடு இணைக்க வழியில்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள். அனுபவம்.

இரட்டைத் தடிமனுக்கு இடமும் வாட்டும் இருந்தால் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை. 2024-இல் வந்தது, 70 வாட், தனி வயர் வேண்டாம், குட்டை வடிவிலும் கிடைக்கிறது. இதே 3050 பெயரில் 8 ஜிபி ஒன்று இருக்கிறது, அது 130 வாட், தனி வயர் கேட்கும். கடையில் "3050 தானே" என்று எடுத்து நீட்டுவார்கள், அட்டைப் பெட்டியில் 6 ஜிபி என்று கண்ணால் பார்த்தபின் காசு கொடுங்கள். செகண்ட் ஹேண்டில் குட்டை ஜிடிஎக்ஸ் 1650 கிடைத்தால் அதுவும் நல்லது, ஆனால் 1650-லேயே 6 பின் சாக்கெட் வைத்தவை உண்டு, கார்டின் மேல் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்.

1050 டிஐ? ஒரு காலத்தில் இந்த வேலைக்கு ராஜா அதுதான். இப்போது நான் சொல்ல மாட்டேன். என்விடியா அந்தத் தலைமுறைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் கொடுப்பதை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டுமே. குவாட்ரோ பி620, பி1000, ஜிடி 1030 எல்லாமே அதே தலைமுறைதான். மிக மலிவாகக் கிடைத்து, பழைய கேம்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் எடுக்கலாம். ஜிடி 1030 எடுத்தால் ஒரு எச்சரிக்கை: ஜிடிடிஆர்5 மெமரி உள்ளது ஒன்று, டிடிஆர்4 உள்ளது ஒன்று. பெயர் ஒன்றே. இரண்டாவதன் மெமரி வேகம் முதலாவதில் பாதி கூட இல்லை.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 53 வாட், ஒற்றைத் தடிமனிலும் வருகிறது, கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் அது நான்கே லேனில், அதாவது தரவு ஓடும் நான்கே பாதையில், பேசும் கார்டு. புதிய போர்டில், நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் (அந்த ஸ்லாட்டின் இணைப்பு முறை), அந்த நான்கு போதும்; நம் பழைய பெட்டியில் இருப்பது மூன்றாம் தலைமுறை, பாதை பாதியாகிவிடும், கேம்களில் அது தெரியும். வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய உதவும் என்கோடரும் அதில் இல்லை. இன்டெல் ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் என்ற வசதியை நம்பி வாழ்பவை, அது நம் பெட்டிகளில் அநேகமாக இருக்காது, கேமுக்கு வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது சிபியுவைத் தூக்கிக்கொண்டே போங்கள். டூவீலரில் கால் நடுவில் வைத்தால் எஸ்எஃப்எஃப் பெட்டி சுகமாக வரும். கடையிலேயே போட்டு, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். பழைய சிப்பில் பயாஸை (கார்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி எழுதிப் புதுக் கார்டு போலக் காட்டும் போலிகள் ஆன்லைனில் சுற்றுகின்றன, பெரும்பாலான போலிகளை அந்த மென்பொருள் பெயரோடு சேர்த்து 'ஃபேக்' என்றே காட்டிக்கொடுத்துவிடும். டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள் என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். லோ புரொஃபைல் பிராக்கெட்டைக் கேட்க மறக்காதீர்கள். பழைய கார்டுகளில் அதுதான் தொலைந்துபோயிருக்கும், தனியாகத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

போடும் நாள்

கார்டைத் தொடும் முன் போர்டின் பயாஸைப் (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) புதுப்பியுங்கள். கம்பெனி தளத்தில் பெட்டியில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் டேக் அல்லது சீரியல் எண்ணைக் கொடுத்தால் சரியான கோப்பு கிடைக்கும். யுபிஎஸ் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், பாதியில் கரண்ட் போனால் போர்டே போகலாம். அப்புறம் ஷட்டவுன், கேபிள் கழற்றல், பவர் பட்டன் பத்து விநாடி, முன்பு செய்தது போலவே.

கார்டில் நீளமான பிராக்கெட் இருந்தால் அதன் திருகுகளைக் கழற்றிக் குட்டையை மாட்டுங்கள். டிவிஐ போர்ட் இருந்தால் அதன் இருபக்க அறுகோண மரையையும் கழற்ற வேண்டும், சின்ன கட்டிங் பிளேயர் போதும். பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் இறங்கட்டும். பின்பக்கம் ஸ்லாட்டுக்கு நேரான காலித் தகட்டை எடுங்கள், பெரும்பாலான ஆபீஸ் பெட்டிகளில் ஒரு சின்ன நெம்புகோலைத் தூக்கினால் தகடு வந்துவிடும். ஸ்லாட் முனையில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கிறதா பாருங்கள், அதைத் திறந்துவிட்டு, கார்டை விளிம்பில் பிடித்து, நேராக வைத்து, இரண்டு பக்கமும் சமமாக அழுத்துங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். தங்க நிறப் பற்கள் வெளியே தெரிந்தால் இன்னும் முழுதாக இறங்கவில்லை. விசிறியை அழுத்த வேண்டாம். நெம்புகோலை மூடுங்கள், ஏதாவது வயர் விசிறியில் உரசுகிறதா பாருங்கள், மூடியைப் போடுங்கள்.

மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள். போர்டில் இருக்கும் பழைய சாக்கெட்டில் இல்லை. சிரிக்காதீர்கள், "கார்டு போட்டும் வேகமே இல்லை" என்று என்னிடம் வந்த இரண்டு பேருக்கு நான் செய்த ஒரே ரிப்பேர் இந்தக் கேபிளை மாற்றிச் செருகியதுதான். உங்கள் மானிட்டர் பழைய விஜிஏ என்றால் எச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வர்ட்டர் வேண்டும், டி1000, டி600 என்றால் மினி டிஸ்ப்ளேபோர்ட் டு விஜிஏ.

முதல் முறை ஆன் செய்யும்போது டெல் பெட்டிகள் மூடி திறக்கப்பட்டது என்று எச்சரிக்கை காட்டலாம். பயப்பட ஒன்றுமில்லை, தொடரச் சொல்லுங்கள். விண்டோஸ் வந்ததும் படம் பெரிது பெரிதாகத் தெரியும், இன்டர்நெட் இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானே ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்ளும். அதோடு விடாமல் என்விடியா அல்லது ஏஎம்டி தளத்திலிருந்து சரியான டிரைவரை இறக்கிப் போடுங்கள்.

திரை கறுப்பாகவே இருந்தால்

முதலில் கேபிள். பிறகு கார்டைக் கழற்றி, தங்கப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, மறுபடி போடுங்கள். தெருமுனை சர்வீஸ்காரரின் இந்த வைத்தியம் பாதி நேரம் பலிக்கும். ரேம் அசைந்திருக்கலாம், அதையும் ஒருமுறை எடுத்துப் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கார்டை எடுத்துவிட்டுப் பழையபடி போர்டில் மானிட்டரைச் செருகி பயாஸுக்குள் போங்கள்: டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. வீடியோ பகுதியில் முதன்மை டிஸ்ப்ளே ஆட்டோவில் இருக்க வேண்டும். ரொம்பப் பழைய கார்டு என்றால் அது யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையைப் புரிந்துகொள்ளாது, அதனால்கூடத் தொடக்கத்தில் திரை வராது. கார்டையே மாற்றுவது நல்லது. வேறு யாருடைய பெட்டியிலாவது கார்டைப் போட்டுப் பார்த்தால் குற்றவாளி யார் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

திரை வருகிறது, ஆனால் கேம் தொடங்கிச் சில நிமிடத்தில் மெஷின் பட்டென்று அணைகிறது என்றால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் திணறுகிறது. வாட் கணக்கை மறுபடி போடுங்கள்.

முதல் வாரம்

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கேம் ஆடுங்கள், அல்லது பையனை ஆடச் சொல்லுங்கள், மறுக்க மாட்டான். கார்டின் வெப்பம் 80 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்றால் பெட்டிக்குள் காற்றோட்டம் போதவில்லை. எஸ்எஃப்எஃப்பைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், மேலே துணி மூடாதீர்கள், முன்பக்க ஓட்டைகளில் அடைத்திருக்கும் தூசியை ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். சென்னை மே மாதத்தில் அறையே 36 டிகிரி இருக்கும்போது கார்டு மட்டும் குளுகுளுவென்று இருக்காது, கேம் செட்டிங்கை ஒரு படி இறக்கிக்கொள்ளலாம். டெஸ்டிங் வாரண்டி முடிவதற்குள் கார்டை நன்றாக வேலை வாங்கிவிடுங்கள், கோளாறு இருந்தால் இப்போதே தெரியட்டும்.

கழற்றிய காலித் தகட்டையும் நீளமான பிராக்கெட்டையும் குப்பையில் போடாமல் ஒரு கவரில் போட்டுப் பெட்டியின் பக்கவாட்டிலேயே டேப் ஒட்டி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து இந்தக் கார்டை விற்கப் போகும்போது, வாங்க வருபவர் டவர் வைத்திருந்தால், முதலில் அதைத்தான் கேட்பார்.